வெறும் வள்ளம்

“நீ ஆளில்லாத படகைப் பார்த்ததே இல்லையாம்மா?”

பயிற்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் திலகவதி மேடம் தெக்லாவிடம் அப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவளுடைய திரையைப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

தெக்லா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் பதில் சொல்லமாட்டாள் என்பது அதற்குள் எல்லாருக்கும் பழகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்காமலே மணியடிக்கும்வரை நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பேச வேண்டாத வேலை என்று யாரோ சொன்னதால்தான் இந்தப் பயிற்சிக்கு வந்திருந்தாள்.

சிப்பித்துறையில் பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் பயிற்சி நடந்தது. கடல் ஊருக்குள் ஏறி இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். சுவரைக் கழுவி, வெள்ளையடித்து, கணினிகளை வரிசையாக வைத்த பின்னும் உள்ளே மீன் வாடை போகவில்லை. சுற்று வட்டாரக் கடற்கரை ஊர்களிலிருந்து இருபது பெண்கள் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

முதல் நாளே மேடம் விளக்கியிருந்தார்.

“மேல சின்னச் சின்ன செயற்கைக்கோள் நிறைய சுத்திட்டிருக்கு. ஒண்ணு போனா கொஞ்ச நேரத்துல அடுத்தது வந்துடும். கடல் எப்பவும் கண்ணுல இருந்துட்டே இருக்கும். ஆனா எல்லாம் மலிவா செஞ்சது. பார்வை மங்கல். ஒரு படகு அதுக்கு ஏழெட்டுப் புள்ளியாத்தான் தெரியும்.”

“எங்க மாமியாளுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிச்சி மேடம்” என்றாள் ஜெசிந்தா. “ஆப்பரேசன் பண்ணுன பெறவு நல்லா தெரியுது. நான் என்ன செய்யுதேன்னு வரைக்கும் தெரியுது.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

“அதே ஆப்பரேஷன்தான் இதுக்கும் பண்ணப் போறோம். ‘தெளிவி’ன்னு ஒண்ணு செஞ்சிருக்காங்க. அந்த ஏழெட்டுப் புள்ளிய வச்சே முழுப் படகையும் பக்கத்துல நின்னு படம் புடிச்ச மாதிரி வரைஞ்சு காட்டும். என்ன படகு, அதுல எத்தனை பேர், எல்லாம். ஆனா அதுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித்தரணும். இது வள்ளம், இது விசைப்படகு, இது அலை நுரை, இது மேகத்தோட நிழல், இதுல ஆள் இருக்கு, இதுல இல்ல. இப்படிச் சொல்லச் சொல்ல அது கத்துக்கும்.”

“நாம சொன்னா நம்பிருமா?”

“நீங்க சொல்றதை மட்டும்தான் நம்பும். அதுக்கு வேற யாரையும் தெரியாது.”

புயலில் காணாமல்போன வள்ளங்களைத் தேடத்தான் இவ்வளவும். கரையில் குடும்பம் அழுதுகொண்டிருக்க, தேடும் கப்பல் குருட்டாம்போக்கில் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பிய கதை அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். அதனால் மேடம் சொல்லி முடித்தபோது யாரும் கேலி பேசவில்லை.

தெக்லா குறித்த படகுகள் அத்தனையிலும் ஆள் இருந்தது. மேடம் கேட்டதும் அதைத்தான். நடுக்கடலில் வலை போடும் வள்ளத்தில் ஆள் இருப்பது சரி. துறைமுக வாயிலில் நங்கூரம் போட்டு விட்டுவிட்டு வந்த படகில் எப்படி ஆள் இருக்கும்?

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெசிந்தாதான் அவளுக்காகப் பதில் சொன்னாள்.

“மேடம், எங்க கரையில வெறும் வள்ளத்த வரைய மாட்டாவ. புது வள்ளம் எறக்கும்போது வீட்டுச் சொவத்துல வரைவாவல்ல, அதுலகூட ஒரு கோடாவது இழுத்து ஆளுன்னு நிறுத்தணும். சின்னப் பிள்ளைங்க சிலேட்டுல வரைஞ்சாலும் அதான். வெறும் வள்ளம் வரைஞ்சா வெறும் வள்ளம்தான் கரைக்கு வரும்பாவ.”

“நீ போடுறியே?”

“எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல மேடம். கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக் குடுக்கவா சம்பளம் வாங்குதோம்?”

முன்வரிசையிலிருந்து வியாகுலமேரி திரும்பினாள். வயதில் மூத்தவள். “ஏட்டி, கட்டுனவன் கடல்ல கெடக்கான். நீ இங்கன உக்காந்து வெறும் வள்ளம் வெறும் வள்ளம்னு குத்திக்கிட்டு இருக்கியே, கை கூசலயா?”

“எங்க வீட்டுக்காரவிய வள்ளத்த விட்டு எறங்குனாதான அது வெறும் வள்ளம்? எறக்கி வீட்டுக்குக் கூட்டியாறதுக்கே நான் நாலு தடவ போன் போடணும்.”

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் மற்றப் பெண்களின் திரையையும் மேடம் பார்த்துக்கொண்டே போனார். ஒருத்திகூட ‘ஆளில்லை’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. சிலர் அப்படிப்பட்ட படகு வந்தால் அதைத் தொடாமலே தள்ளிவிட்டார்கள். வரிசை முடிந்ததும் மேடம் “சரி, பரவால்ல” என்றார். “ஆள் இல்லாத படகைத் தேடிப் போறது, ஆள் இருக்கிறதை விட்டுட்டு வர்றதவிட நல்லதுதானே. ஜெசிந்தா ஒருத்தி போடுறாளே. அது போதும், கத்துக்கும்.”

ஆள் இருந்தால், படகில் எந்த இடத்தில் என்று ஒரு சின்ன உருவத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். தெக்லாவின் மனிதன் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பான். படகின் பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில், இடதுபுறம் லேசாகச் சாய்ந்து. அவள் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. கை அங்கேதான் போயிற்று.

“ஒம் மாப்பிள்ள வந்தாச்சா?” என்பாள் ஜெசிந்தா, எட்டிப்பார்த்து. “நேத்து மணப்பாட்டுப் பக்கம் நின்னாரு. இன்னைக்கி இங்கன நிக்காரு. எல்லா வள்ளத்துலயும் ஏறி எறங்குனா கல்யாணத்துக்கு எப்ப வருவாரு? அதுசரி, அவருக்கு இடது பக்கம் இழுப்பாட்டி?”

தெக்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த அறையில் அவள் சிரிப்பது ஜெசிந்தாவிடம் மட்டும்தான்.

ஜெசிந்தாவின் கணவர் சந்தியாகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிலசமயம் சைக்கிளில் வருவார். கரையில் பொரித்த நெத்திலியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார். இரண்டு பொட்டலம். ஒன்று தெக்லாவுக்கு.

ஒருநாள் ஜெசிந்தா அவருடைய வள்ளத்தைத் தேடிப்பிடித்து, வாசல் வழியாக அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் நீலத்தின் நடுவே சில புள்ளிகள்.

“இதுல நான் எது?”

“இந்தா, இந்தப் புள்ளி.”

அவர் குனிந்து பார்த்தார். “நல்லா கறுத்துப் போயிருக்கேன்.” பிறகு கொஞ்சம் கவலையோடு கேட்டார். “அப்ப இனி மறைவா ஒரு பீடி குடிக்க முடியாதா?”

“குடிச்சிப் பாருங்க.”

“மேடம், இது எத்தன மணிக்கு எங்க தலைக்கி மேல போவும்?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து அந்த நேரம் வந்தால் சட்டையைக் கழற்றி வானத்தைப் பார்த்து ஆட்டுவது அவருக்கு விளையாட்டாயிற்று. கூட இருந்தவர்கள் சிரிப்பார்களாம். சட்டையெல்லாம் அந்தப் புள்ளிகளில் தெரியாது என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். “நீ பாக்கேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார்.

ஒருத்தி குறித்ததை இன்னொருத்தி சரிபார்க்க வேண்டும். அதற்கு ‘இரண்டாம் பார்வை’ என்று பெயர். தவறு இருந்தால் மாற்றலாம். மாற்றினால் குறித்தவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஜெசிந்தாவின் படங்கள் தெக்லாவிடம் வந்தன.

ஜெசிந்தா வேகமாகவும் சரியாகவும் குறிப்பாள். நங்கூரத்தில் கிடப்பவை, கயிறு கட்டி இழுத்துச் செல்லப்படுபவை, எல்லாவற்றிலும் ‘ஆளில்லை’. ஆளில்லை. ஆளில்லை. ‘சரி’ என்பதை அழுத்துமுன் ஒவ்வொரு தடவையும் தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேடம் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆளில்லாத படகை அவள் பார்த்திருக்கிறாள், ஒரே ஒரு தடவை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கரையில் கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து முன்னால் வந்து பார்த்தாள். அவளுடைய அப்பாவின் வள்ளம் வந்துகொண்டிருந்தது. வலை இருந்தது. சோற்றுவாளி இருந்தது. வேறொரு வள்ளம் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அதை ஓட்டிவந்தவர் சந்தியாகு. அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். கரையில் இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் மணலில் உட்கார்ந்து அழுதார்.

அந்த சந்தியாகு அண்ணனின் மனைவி தன் கையாலேயே ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வெறும் வள்ளம் என்று குத்துகிறாள். சொன்னால் கேட்கமாட்டாள். சொல்லவும் தெக்லாவுக்கு வராது. அதனால் ஒரு மாலையில், ஜெசிந்தா பிள்ளையைக் கூப்பிடப் பால்வாடிக்குப் போன பிறகு, அவளுடைய படங்களைத் திறந்து, ‘ஆளில்லை’ என்று இருந்த ஒவ்வொரு படகிலும் ஓர் ஆளை நிறுத்தினாள். பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில். முடித்தபோது கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

மறுநாளும் செய்தாள். அதற்குப் பிறகு அது அவளுடைய வேலையில் ஒன்றாயிற்று. ஜெசிந்தாவிடம் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தாள்.

பயிற்சி முடிந்து அவர்களுக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். தெளிவியும் வேலைக்கு வந்தது. முதல்முறை அது வரைந்த படத்தைப் பார்த்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மங்கலாகக் கிடந்த புள்ளிகள் விலகி, அங்கே ஒரு வள்ளம் இருந்தது. பலகை, கயிறு, வலைக்குவியல், அதில் ஆட்கள். அந்த வருஷம் எஞ்சின் பழுதாகி நின்ற இரண்டு வள்ளங்களை அதை வைத்தே கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். ஊரில் இந்தப் பெண்களுக்குத் தனி மரியாதை வந்தது. வியாகுலமேரி கோயிலில் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் புயல் வந்தது.

சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. சிப்பித்துறை வள்ளங்கள் எல்லாம் கரை சேர்ந்தன, சந்தியாகுவின் வள்ளம் தவிர. அதில் நான்கு பேர். காற்று அடங்கியும் வரவில்லை.

ஐஸ் கம்பெனிக்குள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஜெசிந்தா தன் நாற்காலியில் உட்கார்ந்து, வேறு யாரையும் விடாமல் தானே படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேகம் விலகிய இடங்களில் இரண்டு பொருள்கள் தெரிந்தன. ஒன்று கிழக்கே, நீளமாக, வள்ளத்தின் அளவில். இன்னொன்று தெற்கே வெகுதூரம் தள்ளி, கறுப்பாக, சின்னதாக. தேடுவதற்குக் கப்பல் ஒன்றுதான் கிடைத்திருந்தது. மற்றவை மேற்குக் கரையில் வேறு படகுகளைத் தேடிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் போக என்று கப்பலிலிருந்து மேடத்தின் கைபேசியில் காத்திருந்தார்கள்.

மேடம் இரண்டையும் தெளிவிக்குக் கொடுத்தார். கிழக்கே இருந்தது வள்ளம் என்றது. ஆட்கள்: இரண்டு. தெற்கே இருந்தது மிதக்கும் மரம் என்றது.

“கிழக்க” என்றார் மேடம். “ரெண்டு பேர் தெரியறாங்க. மத்த ரெண்டு பேர் படுத்திருக்கலாம்.”

ஜெசிந்தா தெளிவி வரைந்ததைப் பார்க்கவில்லை. மங்கலான பழைய புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து படங்களை ஓடவிட்டாள்.

“மேடம், இது ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு பக்கமா திரும்பி நிக்கி. ஆள் இருந்தா எஞ்சின் ஓடாட்டாலும் முன்பக்கத்த காத்துக்கு எதிர புடிச்சி வச்சிருப்பாவ. எதையாவது கட்டிக் கடல்ல போட்டாவது நிறுத்துவாவ. இது கேப்பாரில்லாம சுத்துது.” அவள் குரல் இறங்கியது. “எனக்கு என்னமோ வெறும் வள்ளம் மாதிரி தெரியுது.”

வியாகுலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். “ஏட்டி, ஒன் வாயக் கழுவு! அதுல ரெண்டு ஆள் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?”

மேடம் தெளிவியின் படத்தைப் பெரிதாக்கி அவள் பக்கம் திருப்பினார். வள்ளத்தின் நடுவில் ஒருவன் குனிந்திருந்தான். பின்பக்கம் இன்னொருவன் நின்றிருந்தான்.

“முடிவை நீ சொல்லும்மா” என்றார் மேடம். “உன் கண்ணை நான் நம்புறேன். தெற்க போகச் சொல்லவா?”

தெக்லா அந்தப் படத்தைப் பார்த்தாள். பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில், இடதுபுறம் லேசாகச் சாய்ந்து நின்றவனை அவளுக்குத் தெரியும். அவன் அங்கே இல்லை, அக்கா. அது நான் வைத்தவன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்வதும், சந்தியாகு அண்ணனின் வள்ளம் வெறும் வள்ளம் என்று அவர் மனைவியின் முகத்துக்கு நேராகச் சொல்வதும் அவளுக்கு ஒன்றாகவே பட்டது. ஒருவேளை இந்தத் தடவை உண்மையாகவே யாராவது அங்கே நிற்கலாம். பின்பக்கம் எஞ்சின் அருகில் ஆள் நிற்பது வழக்கம்தானே. அவள் வைத்த ஒவ்வோர் ஆளையும், அங்கே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதானே வைத்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் நின்றதுபோலவே நின்றாள்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

“இல்ல மேடம். அவியள நினைச்சி நினைச்சி எனக்குத்தான் கண்ணு கலங்கித் தெரியுது. இது நாம படிச்சிக் குடுத்ததுதான? வெறும் வள்ளம்னா எப்படி இருக்கும்னு இதுக்கு நான் அத்தன படத்துல சொல்லிக் குடுத்திருக்கேன். நாதியத்துக் கெடந்த ஒண்ணையும் நான் விடல. அதயெல்லாம் பாத்துப் படிச்ச பெறவும் இது ஆளுங்கிதுன்னா, ஆளுதான்.” தெக்லாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். “என்னட்டி? ஆளுதான?”

தெக்லா தலையாட்டினாள்.

“கிழக்க போகச் சொல்லுங்க மேடம்.”

கப்பல் கிழக்கே போனது. மறுநாள் காலையில் அந்த வள்ளத்தை அடைந்தது. வேறொரு துறைமுகத்தில் கட்டியிருந்த கயிறு புயலில் அறுந்து தானாக மிதந்து வந்த வள்ளம் அது. உள்ளே மழைத்தண்ணீர் கிடந்தது. நடுவில் வலையைக் குவித்து மூடியிருந்தார்கள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

பிறகு கப்பல் தெற்கே திரும்பியது. போய்ச்சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மிதக்கும் மரம் என்று தெளிவி சொன்னது, கவிழ்ந்து கிடந்த சந்தியாகுவின் வள்ளத்தின் அடிப்பக்கம். அதன்மேல் இரண்டு பேர் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவரான இஞ்ஞாசி ஆஸ்பத்திரியில் பேசும் நிலைக்கு வந்ததும் ஜெசிந்தா போய்ப் பார்த்தாள். துணைக்கு யாராவது வேண்டுமே என்று தெக்லாவும் போனாள். உப்பில் வெந்து தோல் உரிந்த முகத்தோடு படுத்திருந்தார் இஞ்ஞாசி. சந்தியாகுவுக்கு மாமன் முறை. ஜெசிந்தாவைப் பார்த்ததும் அழுதார்.

“றாயப்பன் மொத ராத்திரியே போயிட்டான் மக்கா. சந்தியாகு இருந்தான். கப்பல் வந்த அன்னைக்கி மத்தியானம் வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் அவன்தான் புடிச்சி வச்சிருந்தான். நேரம் பாத்து நேரம் பாத்து மேல சட்டைய ஆட்டிக்கிட்டே இருந்தான். கைய ஆட்டாதல, பிடி விட்டுரும்னு சொன்னேன். கேக்கல. ‘எம் பொண்டாட்டி பாத்துக்கிட்டு இருக்கா மாமா, அவ கண்ணுக்குத் தப்பாது’ன்னான்.” அவர் மூச்சு வாங்கினார். “அப்பந்தான் ஒரு அல வந்திச்சி. நீ கடைசி வர இந்தப் பக்கம் பாக்கலியே மக்கா.”

ஜெசிந்தா அழவில்லை. அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

உடல் கிடைக்கவில்லை. சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்துப் பூசை முடித்தார்கள். சில நாள் கழித்து, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், ஜெசிந்தா ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்கள் எழுந்து நின்றார்கள். வியாகுலமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மேடம், அந்தக் கிழக்கப் படத்தக் கொஞ்சம் எடுங்க.”

“வேண்டாம்மா. அதை ஏன் இப்ப?”

“எடுங்க.”

திலகவதி மேடம் மெலிந்துபோயிருந்தார். அவர் படத்தைத் திறந்தார். தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

“எங்க தப்பாச்சுன்னு திரும்பத் திரும்ப பார்த்துட்டேன் ஜெசிந்தா. உள்ள வேற எங்கயும் பழுது இல்ல. ஆளில்லாத படகுன்னு உலகத்துல ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியல. படகுன்னு ஒண்ணைப் பார்த்தா ஓர் ஆளையும் சேர்த்தே வரைஞ்சுடுது. அது வெறும் படகைப் பார்த்ததே இல்ல.”

“எப்படி மேடம்? நான் போட்டிருக்கேனே.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். தெக்லா போடலன்னா என்ன, மத்தவங்க போடலன்னா என்ன, நீ போடுறியேன்னுதான் விட்டுட்டேன். அப்பவே திறந்து பார்த்திருக்கணும்.” மேடம் திரையைப் பார்த்தே பேசினார். “உன் படங்கள்ல ‘ஆளில்லை’ன்னு ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாத்துலயும் ஆள் நிக்கிறாங்க. நீ போட்டது இரண்டாம் பார்வையில மாறியிருக்கு.”

யாருடைய இரண்டாம் பார்வை என்று மேடம் சொல்லவில்லை. அறையில் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கினாள். வள்ளம் திரை நிறைய வந்தது. பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில், இடதுபுறம் லேசாகச் சாய்ந்து அவன் நின்றான். அவள் விரலை நீட்டி அவன்மேல் வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

“அக்கா.” தெக்லாவின் குரல் அந்த அறைக்கே புதிதாக இருந்தது. “அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் அக்கா. ஒங்க கையால அத… நீங்க அப்படிப் போடப் போட எனக்கு… சொல்லணும்னு தெனமும்…”

ஜெசிந்தா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தெக்லா தாங்கியிருப்பாள். ஜெசிந்தா, வெகுதூரத்தில் ஏழெட்டுப் புள்ளியாகத் தெரியும் ஒன்றை அது என்னவென்று அறிய முயல்வதுபோல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

பிறகு திரைக்குத் திரும்பினாள். தெளிவி வரைந்த படத்தை மூடினாள். அதற்கு அடியிலிருந்த மங்கலான பழைய படத்தைத் திறந்தாள். நீலத்தின் நடுவே அந்தப் புள்ளிகளைச் சுற்றி வழக்கம்போல் ஒரு கட்டம் போட்டாள். வள்ளம் என்று குறித்தாள். ‘ஆளில்லை’ என்ற பொத்தானை அழுத்தினாள். அனுப்பினாள்.

தெக்லாவின் திரையில் வெளிச்சம் வந்தது. இரண்டாம் பார்வைக்கு ஒரு படம். சரியா, மாற்றவா?

பக்கத்தில் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. தெக்லா நிமிரவில்லை. கை பழகிய இடத்துக்கே போயிற்று. எஞ்சினுக்கு அருகில், இடதுபுறம். அங்கிருந்து கையை இழுத்துக்கொள்ள அவளுக்கு நேரமாயிற்று. கடைசியில் ‘சரி’ என்பதை அழுத்தினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் ஜெசிந்தா அக்காவின் செருப்பு இல்லை.